காந்தியின் கப்பல் பயணங்களும் கைப்பையில் இருந்த பழங்களும்

முன்னுரை

இறைச்சி, முட்டை மட்டுமல்லாமல் பால், தயிர், நெய் என விலங்குகளிடமிருந்து கிடைக்கும் எதையும் உண்ணாதவர்களை வீகன் என்கிறோம். தமிழில் நனிசைவர் என்றும் சொல்வதுண்டு. இவர்கள் வெளியூர் கிளம்பினால் முதலில் எழும் கேள்வி, "அங்கே என்ன சாப்பிடுவது?" என்பதுதான். வீகன் என்ற சொல் இங்கிலாந்தில் பிறந்தது 1944இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பாலையும் விட்டுவிட்டுக் கடல் கடந்த ஒருவர் உண்டு. அவர்தான் காந்தி.

முதல் பயணம் (1888)

1888 செப்டம்பர் 4ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது 18. இறைச்சியைத் தொடுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்திருந்தார். கப்பலில் எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கவே கூச்சம். எனவே சாப்பாட்டு மேசைக்குப் போகாமல், கையோடு கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டார்.

லண்டனில் பாடு இன்னும் அதிகம். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மற்ற வேளைகளில் கீரை, ரொட்டி, ஜாம். வயிறு நிறையவில்லை. இன்னும் ரொட்டி வேண்டும் என்று கேட்கவும் வெட்கம். தினமும் பல மைல் நடந்து தேடி, கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்து வந்தபின் அன்றுதான் வயிறார உண்டார். அங்கேயே ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவு பற்றிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். அதுவரை தாய்க்காகக் காத்த சைவம், அந்த நூலைப் படித்தபின் அவருடைய சொந்தக் கொள்கையானது.

சைவ உணவகங்களிலும் புட்டிங், கேக் போன்றவற்றில் முட்டை சேர்ப்பார்கள். தாயின் கணக்கில் முட்டையும் இறைச்சிதான். ஆகவே ஒவ்வொன்றிலும் என்ன சேர்ந்திருக்கிறது என்று விசாரித்த பிறகே உண்டார். பின்னர் தனி அறை எடுத்து, அடுப்பு வைத்து, காலைக் கஞ்சியைத் தாமே காய்ச்சிக்கொண்டார்.

பால் இல்லாத பயணம் (1914)

கல்கத்தாவில் பசுக்களும் எருமைகளும் படும் கொடுமையைப் படித்த காந்தி, 1912இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து பாலைக் கைவிட்டார். 1914 ஜூலையில் கஸ்தூரிபாய், காலன்பாக் ஆகியோருடன் மூன்றாம் வகுப்பில் லண்டன் புறப்பட்டார். அந்த வகுப்பில் பழம் கிடைப்பது அரிது. ஆனால் இவர்களுக்குப் பழமும் கொட்டைகளும் தர முன்னதாகவே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

லண்டனில் நிலக்கடலை, வாழைப்பழம், எலுமிச்சை, தக்காளி, திராட்சை, ஆலிவ் எண்ணெய் என்று காலம் தள்ளினார். அப்போது நுரையீரல் உறை அழற்சி வந்து படுத்துவிட்டார். பால் குடிக்கும்படி கோகலே எவ்வளவோ வற்புறுத்தியும் மறுத்தார். டிசம்பரில் நாடு திரும்பியபோது உலர்ந்த பழங்களை லண்டனிலேயே வாங்கி எடுத்துக்கொண்டார். காரணம், புதிய பழங்கள் கப்பலில் கிடைக்கும், உலர்ந்தவை கிடைக்காது.

விரதம் தளர்ந்த நாள்

1918இல் சீதபேதியால் சாவின் விளிம்புக்குப் போனார். சத்தியம் செய்தபோது பசுவும் எருமையும்தானே மனதில் இருந்தன, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூரிபாய் வாதாடினார். காந்தி இணங்கினார், உயிர் பிழைத்தார். ஆனால் விரதத்தின் சொல்லைக் காப்பாற்றிவிட்டு அதன் பொருளைக் கைவிட்டோமே என்ற வருத்தம் அவரை விடவில்லை.

முடிவுரை

கொஞ்சம் உணவைக் கையில் வைத்துக்கொள்வது, முன்கூட்டியே சொல்லிவைப்பது, வெட்கப்படாமல் விசாரிப்பது, முடிந்தால் தானே சமைப்பது. பயணம் போகும் வீகன்களுக்கு இன்றும் சொல்லப்படும் யோசனைகள் இவைதான். காந்தி இவற்றைப் பசியோடு கற்றுக்கொண்டார். பயணத்தில் கொள்கையைக் காப்பாற்ற மன உறுதி மட்டும் போதாது, முன்னேற்பாடும் வேண்டும். அந்த உறுதிக்கும் உடம்பு ஓர் எல்லை வைத்திருக்கிறது என்பதை 1918 அவருக்குக் காட்டியது.