சில்லறையில் எழுந்த வங்கி

அமெரிக்க நாட்டில் அடிமைத்தளை அறுபட்ட 1865ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கென ஒரு சேமிப்பு வங்கி தோன்றியதை நாம் வரலாற்றில் காண்கிறோம். ஆனால் தவறான முதலீடுகளாலும் முறைகேடுகளாலும் 1874இல் அது முறிந்தது. 60,000க்கு மேற்பட்டோர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் முடங்கியது. சூடுகண்ட அம்மக்கள் மீண்டும் ஒரு வங்கியை நம்புவரோ?

நம்பவைத்தார் ஒரு பெண்மணி. வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், சலவைத் தொழில் செய்த தாயின் மகளாக வளர்ந்தவர் மேகி லீனா வாக்கர். செயின்ட் லூக் என்னும் கறுப்பின மக்களின் பரஸ்பர உதவிச் சங்கத்திற்கு 1899இல் தலைமை ஏற்ற அவர், 1903 நவம்பரில் அதன் பெயரால் ஒரு சேமிப்பு வங்கியைத் திறந்தார். அந்நாட்டில் வங்கி நிறுவித் தலைமை தாங்கிய முதல் கறுப்பினப் பெண்மணி அவரே. வெறும் 31 சென்ட்டுடன் கணக்குத் தொடங்கியவரும் உண்டு. சலவைப் பெண்களின் சில்லறை, அவர்தம் மக்களுக்கே வீட்டுக் கடனாயிற்று.

1905இல் சங்கம் ஒரு பல்பொருள் அங்காடியையும் திறந்தது. அது பொறாத வெள்ளை வணிகர்கள், அதற்குச் சரக்குத் தரக்கூடாதென மொத்த வியாபாரிகளை நெருக்கினர். அதனினும் வருந்தத்தக்கது, கறுப்பின மக்களுள்ளேயே பலர் பழைய கடைகளை நாடிச் சென்றமையாகும். சில ஆண்டுகளில் அங்காடி மூடப்பட்டது. வங்கியோ, பொருளாதாரப் பெருமந்தம் சூழ்ந்த 1930இல் பிற கறுப்பின வங்கிகளோடு இணைந்து உயிர் பிழைத்தது.

ஒதுக்கப்பட்டோரின் தொழிலுக்கு வாழ்த்துரை முதலாகாது. கடன் தருவோர், சரக்குத் தருவோர், வாங்குவோர் ஆகிய மூவருள் ஒருவர் கைவிடினும் கடை நில்லாது என்பதை ரிச்மண்ட் நமக்கு உணர்த்துகிறது.