கெப் வாகனங்களில் மேலதிக விளக்குகள்: வெளிச்சமும் விபரீதமும்

இரவு வேளைகளில் நமது வீதிகளில் வாகனம் செலுத்துவோர் எதிர்கொள்ளும் இடர்கள் பலவாகும். வன்னிப் பெருநிலப்பரப்பினூடாகச் செல்லும் ஏ-9 வீதியிற் படுத்திருக்கும் மாடுகள், பின்விளக்கோ ஒளிதெறிப்பானோ இன்றி நெல் ஏற்றிச் செல்லும் உழவு இயந்திரப் பெட்டிகள், ஹபரணைப் பகுதியில் வீதியைக் கடக்கும் யானைகள், நுவரெலியாவின் பனிமூட்டம் என இவற்றைப் பட்டியற்படுத்தலாம். ஆகவே கெப் வாகனங்களையும் பட்டா ரக வாகனங்களையும் தொழிலுக்குப் பயன்படுத்துவோர் அவற்றில் மேலதிக விளக்குகளைப் பொருத்த விரும்புவதில் நியாயம் இருக்கவே செய்கின்றது.

ஆனால், அவ்விளக்குகள் எவ்வாறு இணைக்கப்படுகின்றன என்பதே கவனத்திற்குரிய விடயமாகும். 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இதனால் வயர்களின் மேலுறை காய்ந்து வெடித்த நிலையிலுள்ள பழைய வாகனங்கள் பல இன்றும் வீதியில் ஓடுகின்றன. 2025 இல் அனுமதியற்ற மேலதிக உதிரிகளையும் வர்ண விளக்குகளையும் அகற்றும் நடவடிக்கையிற் பொலிஸார் ஈடுபட்டனர். எனினும் சட்டத்தின் பார்வை வெளியே தெரியும் விளக்கின் மீதே விழுகின்றது. போனற்றின் கீழே செல்லும் வயரை எவரும் பார்ப்பதில்லை.

வாகனப் பற்றரி 12 வோல்ற்று மாத்திரமே என்பதால் அதில் ஆபத்தில்லை என்ற எண்ணம் பரவலாகவுள்ளது. மனிதர் மீது மின்சாரம் பாய்வதைப் பொறுத்தமட்டில் இது சரியே. தீயைப் பொறுத்தமட்டில் இது முற்றிலும் தவறானது. வீட்டு மின்சாரத்தில் 110 வாற்று விளக்கொன்று அரை அம்பியரிலும் குறைந்த மின்னோட்டத்தையே பெறுகின்றது. அதே வலு 12 வோல்ற்றிற் பெறப்படும்போது மின்னோட்டம் 9 அம்பியரைத் தாண்டுகின்றது. 55 வாற்று ஹலஜன் விளக்குகள் இரண்டைப் பொருத்தும்போது நிகழ்வது இதுவேயாகும். வயரைச் சூடாக்குவது வோல்ற்றளவு அன்று; அதனூடாகச் செல்லும் மின்னோட்டமே.

எனவே முதலாவது விதி உருகி பற்றியது. பற்றரியின் நேர் முனையிலிருந்து புறப்படும் புதிய வயரில், அம்முனைக்கு இயன்றளவு அருகில், பியூஸ் எனப்படும் உருகி இருத்தல் வேண்டும். மேற்கூறிய இரு விளக்குகளுக்கு நீல நிறமுடைய 15 அம்பியர் உருகி போதுமானது. உருகி காப்பது விளக்கை அன்று, வயரையே. விளக்கின் அருகில் உருகியை வைத்தால், பற்றரிக்கும் உருகிக்கும் இடைப்பட்ட வயர் உராய்ந்து சட்டகத்தைத் தொடும் கணத்தில் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து தீப்பற்றும். உருகி அடிக்கடி எரிகின்றது என்பதற்காகக் கூடிய அளவுடைய உருகியையோ செப்புக் கம்பியையோ இடுவது, காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பானது.

இரண்டாவது, வயரின் தடிப்பு. 9 அம்பியர் மின்னோட்டத்தை 5 மீற்றர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரிற் கொண்டுசென்றால் ஏறத்தாழ 1 வோல்ற்று வயரிலேயே இழக்கப்படும். இதனால் ஹலஜன் விளக்கின் ஒளி கால்பங்கு வரை குறைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் இவ்விழப்பு 0.3 வோல்ற்று அளவேயாகும். மெல்லிய வயரை வாங்கி மிச்சம்பிடிப்பவர், தாம் பணம் கொடுத்து வாங்கிய ஒளியை வெப்பமாக்கி வீணாக்குகின்றார்.

மூன்றாவது ரிலே. இத்தனை மின்னோட்டத்தைச் சாரதியின் முன்னுள்ள சிறிய ஆளியினூடாகச் செலுத்துவது ஆளியை உருகச் செய்யும். வாகன ரிலேயின் முனைகளில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30 ஆம் முனை உருகியினூடாகப் பற்றரிக்கும், 87 ஆம் முனை விளக்குக்கும், 86 ஆம் முனை ஆளிக்கும், 85 ஆம் முனை பேச்சு வழக்கில் "ஏர்த்" எனப்படும் சட்டகத் தொடுப்புக்கும் இணைக்கப்படுவது வழமை. ஆளியினூடாகச் செல்வது ரிலேயின் சுருளை இயக்கும் சொற்ப மின்னோட்டம் மாத்திரமே. அந்த ஆளிக்கான மின்னை வாகனத்தின் உயர்கற்றை விளக்கு வயரிலிருந்து பெறுவது மிகச் சிறந்தது. அப்போது எதிரே வாகனம் வருகையில் சாரதி முன்விளக்கைத் தாழ்த்தியதும் மேலதிக விளக்குகளும் தாமாகவே அணைந்துவிடும். எனினும் கணினிக் கட்டுப்பாடுடைய புதிய வாகனங்களில் மூல வயரை வெட்டி இணைப்பது ஏனைய பகுதிகளையும் பாதிக்கக்கூடும் என்பதால், அவ்வகை வாகனத்தை அறிந்த மின்வேலையாளரை நாடுதலே உசிதமானது.

வயர் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் இறப்பர் வளையம் இடுதல், நிறப்பூச்சைச் சுரண்டிய உலோகத்தில் சட்டகத் தொடுப்பை இறுக்குதல், கெப்பின் பின்தட்டுக்குச் செல்லும் வயரை நெளிகுழாயினுள் இட்டுப் புகைபோக்கியிலிருந்து விலக்கிக் கட்டுதல் என்பனவும் தவிர்க்க முடியாதவை. சரக்கிறக்கப் பயன்படும் பின்புற வெள்ளை விளக்குக்குத் தனி ஆளி இருத்தல் வேண்டும். ஓடும் வாகனத்தின் பின்னால் வெள்ளை ஒளி தெரிவது, அவ்வாகனம் எதிரே வருவதாகப் பின்னால் வருபவரை மயங்கச் செய்யும்.

விளக்கைப் பொருத்தும் இடமும் முக்கியமானது. கூரை மீது பொருத்தப்படும் நீள விளக்கு, பனிமூட்டத்தில் ஒளியைச் சாரதியின் கண்களுக்கே திருப்பியனுப்பும். பனி விளக்கு தாழ்வாகவும் அகலமாக ஒளி பரப்புவதாகவும் இருப்பது இக்காரணத்தினாலேயாகும். வலப்புறமாக வாகனம் செலுத்தும் நாடுகளுக்கெனத் தயாரிக்கப்பட்ட தாழ்கற்றை விளக்குகளை இங்கு பொருத்தினால், அவை எதிரே வருபவரின் முகத்திலேயே ஒளியைப் பாய்ச்சும். ஹலஜன் குமிழுக்கென அமைந்த ஒளிதெறிப்பியில் எல்.ஈ.டி. குமிழைச் செருகுவதும் பெரும்பாலும் இதே விளைவையே தருகின்றது.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஒருவரின் கண் 3 விநாடி கூசினாலும் அவர் 50 மீற்றர் தூரத்தைப் பார்வையின்றியே கடக்கின்றார். அந்த 50 மீற்றருக்குள் துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பும் தொழிலாளி ஒருவரோ, வீதியோரமாக நடந்து வரும் மாணவி ஒருவரோ இருக்கக்கூடும். நாம் காண்பதற்காகப் பொருத்தும் விளக்கு மற்றவரின் பார்வையைப் பறிக்குமாயின் அது பாதுகாப்பு ஆகாது. மேலதிக விளக்கைப் பொருத்த விரும்பும் வாகன உரிமையாளர்கள், அதன் விலையை விசாரிக்கும் முன்னர் உருகி, வயர், ரிலே ஆகிய மூன்றையும் விசாரித்தறிவதே அவர்களுக்கும் வீதியிற் செல்லும் ஏனையோருக்கும் நன்மை பயப்பதாகும்.