கன்ட்ரோல்-சி கேட்கலையே!

காலேஜ்ல கம்ப்யூட்டர் பிராக்டிக்கல். முடிய பத்தே நிமிஷம். டர்போ சி-யில் கன்ட்ரோல்-எஃப்9 தட்டினேன். ஸ்க்ரீன் கறுப்பாச்சு, அப்படியே நின்னுடுச்சு. வைல் வரியோட கடைசியில் ஒரு செமிகோலன் வெச்சிருக்கேன், அவ்ளோதான்! கன்ட்ரோல்-சி அடிச்சுப் பார்த்தேன். ம்ஹும். கடைசியில் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட். எஃப்2 தட்டி சேவ் பண்ணாத ப்ரோகிராம் மொத்தமும் அம்பேல். மார்க்கும்தான்.

ஏன் கேட்கலைன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது.

1967 ஆஸ்கி அட்டவணையில் 3-ம் எண்ணுக்கு 'உரை முடிந்தது' என்று பொருள். சி மூன்றாவது எழுத்து, அதனால் கன்ட்ரோல்-சி அடித்தால் அந்த 3 போகும். டெக் கம்பெனியின் சிஸ்டங்களில் ப்ரோகிராமை நிறுத்த அதுதான் வழி. ஆரம்பகால யூனிக்ஸில் அதே வேலையை டெலீட் கீ செய்தது. எந்த கீயா இருந்தாலும் சரி, அதைக் கேட்க ப்ரோகிராமுக்கு வெளியே ஒரு ஆள் வேணும்.

யூனிக்ஸில் அந்த ஆள் கெர்னல். ப்ரோகிராம் எந்த லூப்பில் சுத்தினாலும் கீயைக் கவனித்து 2-ம் நம்பர் சிக்னலை அனுப்பிவிடும். அதை ப்ரோகிராம் காதில் வாங்காமல் இருக்கலாம். 9-ம் நம்பரிடம் அந்தப் பாச்சா பலிக்காது.

டாஸில் கதையே வேற. ப்ரோகிராம் தானாக வந்து டாஸிடம் எதையாவது கேட்டால்தான் கன்ட்ரோல்-சி கவனிக்கப்படும். என் லூப் யாரிடமும் எதையும் கேட்கலையே! எடிட்டரும் ப்ரோகிராமும் நடுவில் சுவரில்லாமல் ஒரே மெமரியில் குடித்தனம் வேற.

கொடுமை என்னன்னா, கீபோர்டு மூலையிலேயே பிரேக் கீ இருந்திருக்கு. கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால், லூப்புக்கு நடுவிலேயும் பயாஸ் கவனிக்கும். அதைப் பிடித்து எடிட்டர் ப்ரோகிராமை நிறுத்த முடியும். 'பிரேக்' தந்திக் காலத்துச் சங்கதி. செய்தி வாங்குகிறவர் சுற்றைத் துண்டித்து, அனுப்புகிறவரை நிறுத்துவார். எனக்குத்தான் யாரும் சொல்லலை.

நான் அடிச்ச மூணு கீ கூட்டணி? 1981-ல் வந்த ஐபிஎம் பிசிக்காக டேவிட் பிராட்லி எழுதினது. மெஷினை அணைச்சு அணைச்சுப் போடாம இருக்க, ப்ரோகிராமர்களுக்காக மட்டும்னு செஞ்சாங்க. ஊரே பிடிச்சுக்கிச்சு.

இன்னைக்கு எடிட்டர் தனி ப்ராசஸ், நம்ம ப்ரோகிராம் தனி ப்ராசஸ். ஸ்டாப் பட்டனைத் தட்டினால் ப்ரோகிராம் மட்டும் போகும், எழுதினது அப்படியே இருக்கும். ஆனாலும் ரன் பண்றதுக்கு முன்னாடி என் விரல் தானா சேவ் கீக்குப் போயிடுது. ஒரு செமிகோலன் போட்ட சூடு மக்களே!