பழைய கம்பியூட்டரில் படம் ஏன் இழுபடுகிறது? 1957 முதல் தொடரும் ஓர் இடப் பிரச்சினை

படம் திருத்தும்போது வீட்டுக் கம்பியூட்டர் இழுபட்டால் நம்மில் அநேகர் ஒரே முடிவுக்குத்தான் வருகிறோம்: "இது பழசு, புதுசு எடுக்க வேணும்." 2022இல் டொலர் 200 ரூபா மட்டத்திலிருந்து சில வாரங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டிய பிறகு, அது லேசான முடிவல்ல. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அதில் போய்விடும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் இந்த வரலாற்றைக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போங்கள். கம்பியூட்டருக்குள் படம் நுழைந்த நாளிலிருந்தே அதைத் தடுத்து நிறுத்தியது பெரும்பாலும் இடப் பற்றாக்குறைதான்.

1957. அமெரிக்காவின் தேசிய தர நிர்ணயப் பணியகத்தில் ரஸல் கிர்ஷ் என்பவரும் அவரது குழுவினரும் ஒரு புகைப்படத்தை ஸ்கேன் செய்து கம்பியூட்டருக்குள் ஏற்றினார்கள். அது கிர்ஷின் மூன்று மாதக் குழந்தையின் படம். அகலம் 176 புள்ளிகள், உயரம் 176 புள்ளிகள், மொத்தம் 30,976 புள்ளிகள். ஏன் 176 மட்டும்? 'சியாக்' என்ற அந்த இயந்திரத்தின் நினைவகத்தில் அதைவிடப் பெரிய படத்துக்கு இடமில்லை. இன்று நாம் 'ரெம் போதவில்லை' என்று சொல்கிறோமே, அந்த முறைப்பாடு டிஜிட்டல் படத்தோடு கூடவே பிறந்தது.

இடம் போதாவிட்டால் என்ன செய்வது? 1962இல் இங்கிலாந்தின் மென்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய 'அட்லஸ்' கம்பியூட்டர் அதற்கு ஒரு வழி காட்டியது. டொம் கில்பர்னின் குழு, வேகமான சிறிய நினைவகத்தையும் மெதுவாகச் சுழலும் பெரிய காந்த உருளையையும் இணைத்து, இரண்டும் ஒன்றே என்பதுபோல் இயங்க வைத்தது. உடனே தேவையானது நினைவகத்தில் இருக்கும். மற்றவை உருளைக்குப் போகும். தேவைப்படும்போது திரும்பி வரும்.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். மேசை பெரிதாக இருந்தால் எல்லாத் தாள்களையும் விரித்துவைத்து வேலை பார்க்கலாம். மேசை சிறிதென்றால் ஒவ்வொரு தாளுக்கும் எழும்பி அலுமாரிக்குப் போய்வர வேண்டும். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நேரம் நடையிலேயே போய்விடும். ரெம் என்பது மேசை. ஹார்ட் டிஸ்க் என்பது அலுமாரி.

அந்த அலுமாரியின் கதையையும் பாருங்கள். ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அதன் கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். 1992இல் சீகேட் நிறுவனத்தின் 'பராக்குடா' நிமிடத்துக்கு 7,200 தடவை சுழன்றது. இன்றும் வீட்டுக் கம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் அதே 7,200தான், மலிவானவை 5,400. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செக்கன். இத்தனை வருடங்களில் புரொசஸர் எத்தனையோ மடங்கு வேகமாகிவிட்டது. தட்டு சுழலும் வேகம் அப்படியே நிற்கிறது. மூளை ஓடுகிறது, கால் நடக்கிறது.

போட்டோஷொப் இந்த இடைவெளிக்குள்தான் பிறந்தது. 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த தோமஸ் நொல், தனது மெக்கின்டொஷ் பிளஸ் திரையில் கறுப்பு, வெள்ளை தவிர வேறொன்றும் தெரியாததால், சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டும் ஒரு சிறு நிரலை எழுதினார். திரைப்படத் தந்திரக் காட்சிகளில் வேலை செய்த சகோதரர் ஜோன் நொல் அதைப் பெரிதாக்கத் தூண்டினார். 1990 பெப்ரவரியில் அடோபி நிறுவனம் அதை வெளியிட்டது. அட்லஸ் காட்டிய வழியையே போட்டோஷொப்பும் பின்பற்றுகிறது: ரெம் நிரம்பியதும் மிச்சத்தை டிஸ்க்கில் ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதுகிறது. 'ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது' என்று திரையில் வரும் செய்தி இதைத்தான் சொல்கிறது. 1994இல் மூன்றாம் பதிப்பு லேயர் வசதியைக் கொண்டுவந்தபோது, ஒரு படம் பல படங்களின் அடுக்காகி இடத்தேவை இன்னும் கூடியது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4க்கு 6 அங்குலப் பழைய போட்டோவை 1,200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 4,800க்கு 7,200, அதாவது 3 கோடி 45 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வீதம் 100 மெகாபைட்டைத் தாண்டும். முழு அளவில் ஐந்து லேயர் போட்டால் 500. செய்ததைப் பின்வாங்க வசதியாகப் போட்டோஷொப் வைத்திருக்கும் பழைய நிலைகள் வேறு. விண்டோஸும் பிரவுசரும் ஏற்கெனவே பாதியைப் பிடித்திருக்கும் 4 ஜிபி ரெம்மில் இது எங்கே அடங்கும்?

2008வரை இதற்கு இன்னொரு பூட்டும் இருந்தது. 32 பிட் விண்டோஸில் எவ்வளவு ரெம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படவில்லை. அந்த வருடம் வந்த சிஎஸ்4 பதிப்புத்தான் விண்டோஸில் 64 பிட்டாக இயங்கிய முதல் போட்டோஷொப். அலுமாரியின் பிரச்சினைக்கான விடை ஜப்பானிலிருந்து வந்தது. தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகாவின் குழு 1987இல் நேன்ட் ஃப்ளேஷ் நினைவகத்தை அறிமுகப்படுத்தியது. இன்றைய எஸ்எஸ்டி அதன் வாரிசு. அதில் சுழலும் தட்டு இல்லை. ஹார்ட் டிஸ்க் ஒரு தரவைத் தேடிப்பிடிக்க ஏறத்தாழ 12 மில்லி செக்கன் எடுத்தால், எஸ்எஸ்டிக்கு 0.1 போதும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். கனமான ஒரு படத்தைத் திறந்து திருத்திக்கொண்டே கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். மெமரி நிரம்பி, டிஸ்க் 100 வீதத்தில் நின்றால் தேவை ரெம்மும் எஸ்எஸ்டியும். முதலில் விண்டோஸ் 64 பிட்டா என்று பாருங்கள். பிறகு மதர்போர்ட் எந்த வகை ரெம்மை ஏற்கும், எவ்வளவு ஏற்கும் என்று அறிந்துகொள்ளுங்கள். டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. எஸ்எஸ்டியில் விண்டோஸும் போட்டோஷொப்பும் ஸ்க்ராட்ச் டிஸ்க்கும் இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கை வீசாதீர்கள். படங்களின் இரண்டாம் பிரதிக்கு உதவும்.

மாறாக மெமரியில் இடமிருந்து, சிபியு 100 வீதத்தில் நின்றால், அப்போதுதான் புரொசஸரைக் குற்றம் சொல்லலாம். செயற்கை நுண்ணறிவில் இயங்கும் புதிய வசதிகள்தான் வேண்டும் என்றாலும் ரெம் மட்டும் காப்பாற்றாது. அவற்றில் பலவற்றுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களிடமும், 2004 டிசம்பரில் கடல் புகுந்த நம் கிழக்குக் கரையோர வீடுகளிலும் மிஞ்சிய போட்டோக்கள் சில. அவற்றில் பல கறைபட்டு, ஒட்டிப்போய், ஓரம் உதிர்ந்து கிடக்கின்றன. ஈரமும் பூஞ்சையும் நாம் புதுக் கம்பியூட்டருக்குக் காசு சேர்க்கும்வரை காத்திருக்கமாட்டா. பழைய கம்பியூட்டரின் மேசையைக் கொஞ்சம் அகலமாக்கினால் இந்த விடுமுறையிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடலாம். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் அவரிடமே ஒப்படையுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அது நடக்கட்டும்.