ஸ்கூபா டைவிங்: தொடக்கப் பயிற்சி

ஸ்கூபா டைவிங் என்பது காற்று அடைத்த சிலிண்டரை முதுகில் சுமந்து, நீருக்கடியில் மூச்சுவிட்டபடியே நீந்தும் முறை. படகிலிருந்து வரும் காற்றுக்குழாயை இதில் நம்பியிருக்க வேண்டியதில்லை. 1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கன்யானும் உருவாக்கிய ‘அக்வா லங்’ கருவியே இதைப் பொதுமக்களுக்கும் எட்டச் செய்தது.

கருவிகள்

மூக்கையும் மூடும் முகக்கண்ணாடி, கால் துடுப்புகள், மிதவைச் சட்டை, எடைப்பட்டை, அழுத்தமானி, ரெகுலேட்டர் ஆகியவை அடிப்படைக் கருவிகள். சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் எண்ணுகிறார்கள். பொழுதுபோக்கு டைவிங்கில் பெரும்பாலும் வடிகட்டிய சாதாரணக் காற்றே சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்படுகிறது. ரெகுலேட்டர் அதைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குக் குறைத்து, மூச்சை இழுக்கும்போது மட்டும் வழங்கும்.

பயிற்சி

1966இல் தொடங்கப்பட்ட பி.ஏ.டி.ஐ. அமைப்பின் ‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சி உலகெங்கும் பரவலானது. 10 வயது நிரம்பியவர்கள் சேரலாம். முதலில் உடல்நலக் கேள்விப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு போன்றவை இருந்தால் மருத்துவரின் ஒப்புதல் தேவை. பாடம், நீச்சல்குளப் பயிற்சி, 4 கடல் டைவ்கள் என மூன்று கட்டங்கள் உண்டு. 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும், வேகம் முக்கியமல்ல. தேறிய பெரியவர்கள் 18 மீட்டர் ஆழம்வரை செல்லலாம்.

புதியவர்களை அதிகம் அச்சுறுத்துவது முகக்கண்ணாடிக்குள் புகும் நீர். கண்ணாடியின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, சற்றே அண்ணாந்து, மூக்கு வழியாக மெல்ல மூச்சை விட்டால் நீர் கீழ்விளிம்பு வழியே வெளியேறிவிடும். குளத்தில் பலமுறை செய்தால் அச்சம் விலகும்.

அழுத்தமும் உடலும்

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் காற்றின் கனஅளவு பாதியாகும். முதல் சில மீட்டர்களிலேயே காது அடைப்பது இதனால்தான். வலி தொடங்குமுன்பே மூக்கைப் பிடித்து மென்மையாக ஊத வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால் சற்று மேலேறி மீண்டும் முயல வேண்டும்.

மேலேறும்போது காற்று விரிவடையும். அப்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியக்கூடும். ஆகவே மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது என்பதே முதல் விதி. உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகாமல் இருக்க, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பது நல்ல வழக்கம். பல டைவ்களுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானப் பயணம் தவிர்க்கப்பட வேண்டும்.

கைச்சைகை

கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போவோம்’ என்று பொருள். நலமாக இருப்பதைச் சொல்ல, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும்.

இடங்கள்

அந்தமானின் ஹேவ்லாக் (ஸ்வராஜ் தீவு), லட்சத்தீவு, கர்நாடகத்தின் நேத்ராணி, புதுச்சேரி ஆகிய இடங்களில் டைவிங் நடைபெறுகிறது. இலங்கையில் திருகோணமலைக் கடல் மே முதல் செப்டம்பர்வரை ஏற்றது.

டைவிங்கில் எப்போதும் ஒரு துணைவர் உடனிருக்க வேண்டும். மனம் ஒப்பவில்லை என்றால் எந்த நிலையிலும், காரணம் சொல்லாமலே, டைவை நிறுத்திக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. புதியவர்கள் தயங்காமல் அதைப் பயன்படுத்த வேண்டும்.