ஒரு சாண் தொலைவு

தெருவில் போகும் ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்டு, அவர் பதிலைப் படமும் ஒலியுமாகப் பதிவுசெய்வது இன்று எளிய காரியம். அதற்கு என்ன கருவி வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன் நாம் பெரும்பாலும் கேமராவைப் பற்றியே விவாதிக்கத் தொடங்கிவிடுகிறோம். ஆவணப்பட வரலாறு சொல்வதோ வேறு. இரைச்சல் மிகுந்த இடத்தில் எவர் குரல் நம்மை வந்தடையும் என்பதைத் தீர்மானித்தது, பேசுபவரின் வாய்க்கும் மைக்குக்கும் இடைப்பட்ட தொலைவே.

1935இல் ஆர்தர் எல்ட்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் எடுத்த 'ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்' படத்தில், லண்டனின் இடிந்த குடியிருப்புகளில் வாழ்ந்த உழைக்கும் மக்கள் எலித்தொல்லையையும் ஈரச் சுவர்களையும் பற்றித் தம் சொற்களிலேயே கேமராவைப் பார்த்துப் பேசினர். அந்நாளில் அதுவே பெரும் புதுமை. ஆனால் ஒலிப்பதிவுக் கருவிகள் எளிதில் நகர்த்த முடியாத கனம் கொண்டவை. மனிதர்தான் கருவியின் முன் வந்து நிற்கவேண்டும். அவர்கள் நிற்கும் விதத்தில் தெரியும் விறைப்புக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஒலிப்பதிவைத் தெருவுக்குக் கொண்டுசெல்ல இயலாதபோது என்ன நேரும் என்பதற்கு ழான் ரூஷின் 'முவா, அன் நுவார்' (1958) சான்று. அபிஜான் நகரின் த்ரேஷ்வீல் பகுதியில் சாவி முடுக்கி இயக்கும் கேமராவால் எடுக்கப்பட்ட படம் அது. ஒரு காட்சித்துண்டு அரை நிமிடத்தைக்கூட எட்டாது. ஒலியும் உடன் பதிவாகாது. படத்தில் நடித்த உமரு கந்தா பின்னர் திரையைப் பார்த்தபடி பேசிய பேச்சே அதன் குரலாயிற்று. வேறு வழியின்மையிலிருந்து ஓர் அழகு பிறந்தது. எனினும் கேட்ட கேள்விக்கு அந்தக் கணத்திலேயே எழும் பதில் அதில் அமைய வழியில்லை.

1960ஆம் ஆண்டுக் கோடையில் ரூஷும் சமூகவியலாளர் எட்கர் மொரேனும் பாரிஸில் 'க்ரோனிக் துன் எத்தே' படத்தைத் தொடங்கியபோது இரு கருவிகள் கைக்கு வந்திருந்தன. போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்டெஃபான் குதெல்ஸ்கி உருவாக்கிய, தோளில் தொங்கவிடத்தக்க நாக்ரா டேப் ரெக்கார்டர் ஒன்று. எக்லேர் நிறுவனத்தின் ஆந்த்ரே கூத்தான் வடிவமைத்துச் சோதனை நிலையில் இருந்த இலகுவான 16 மி.மீ. கேமரா மற்றொன்று. கனடாவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒளிப்பதிவாளர் மிஷேல் ப்ரோ, கேமராவைக் கையிலேந்தி மக்களிடையே நடந்தே படமெடுக்கும் பழக்கமுடையவர். உடையில் பொருத்தும் சிறு மைக்கையும் இப்படத்திற்கு அவரே அறிமுகப்படுத்தினார்.

இங்கே ஒலியியலின் எளிய கணக்கொன்றை நினைவுகொள்வது பயன் தரும். மைக் இருக்கும் தொலைவு இரு மடங்கானால் நேரே வந்துசேரும் குரல் 6 டெசிபல் குறையும். நான்கு மடங்கானால் 12 டெசிபல். பேருந்தின் உறுமலோ எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் அதே அளவில் நிற்கும். ஒரு திசையை மட்டும் நோக்கும் நீண்ட குழல் மைக்கும் ஓரளவுக்கே உதவும். வண்டிகளின் தாழ்ந்த சுருதி ஓசையை அதனால் ஒதுக்க முடிவதில்லை. ஒரு சாண் தொலைவில் இருக்கும் எளிய மைக், பத்தடிக்கு அப்பாலுள்ள விலையுயர்ந்த மைக்கை வென்றுவிடுவது இதனால்தான். தொலைவிலிருந்தே முகத்தை அருகே காட்டும் லென்ஸ் உண்டு; குரலை அவ்வாறு அருகே இழுத்துவரும் கருவி இல்லை. ப்ரோ அகலக்கோண லென்ஸை விரும்பியதும் இதனோடு பொருந்துகிறது. அந்த லென்ஸ் ஒளிப்பதிவாளரையும் மனிதரின் அருகே செல்ல வைக்கிறது.

ஆனால் இந்த அருகாமைக்கு ஒரு விலையும் உண்டு. படத்தின் தொடக்கத்தில் மர்சலின் லொரிதான் மைக்கை நீட்டி, 'நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?' என்று வழிப்போக்கர்களைக் கேட்கிறார். சிலர் நில்லாமல் போய்விடுகிறார்கள். மைக் கண்ணுக்குத் தெரிவதால் மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. பின்னர் அதே மர்சலின், கோட்டுக்குள் நாக்ராவைச் சுமந்து, உடையில் சிறு மைக்கோடு கொங்கார்ட் சதுக்கத்திலும் லே ஆல் சந்தைக் கூடத்திலும் தனியே நடக்கிறார். 1944இல், 16 வயதில், தந்தையோடு நாஜி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் அவர், தந்தை திரும்பவில்லை. அந்தத் தந்தையிடம் பேசுவதுபோல் முணுமுணுத்துக்கொண்டு நடக்கிறார். கேமராவை ஏற்றிய கார் விலகிச் செல்லச் செல்ல அவர் உருவம் சிறுத்துப்போகிறது. குரல் மட்டும் நம் செவியருகிலேயே நிற்கிறது. படமெடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கே அப்போது அச்சொற்கள் கேட்கவில்லை.

படத்தின் இறுதியில், பங்கேற்றவர்களுக்கே அது திரையிட்டுக் காட்டப்படுகிறது. அவர்களுள் சிலர் அது நடிப்பென்றனர். சிலர் அளவுக்கு மீறிய அந்தரங்கம் என்றனர். அக்குறை நியாயமா என்பது ஒருபுறமிருக்க, அவ்விவாதத்தைப் படத்திலேயே விட்டுவைத்த நேர்மை போற்றத்தக்கது. பசோலினியும் 'கொமித்ஸி தமோரே' படத்திற்காக 1963இல் இத்தாலியின் கடற்கரைகளிலும் தெருக்களிலும் காதலையும் காமத்தையும் பற்றி மக்களிடம் கேட்டபோது, மைக்கைக் கையில் வெளிப்படையாகவே பிடித்திருந்தார். கூட்டத்தில் அது எவர் பக்கம் திரும்புகிறதோ அவரே பேசுகிறார். மற்றவர் குரல் இரைச்சலோடு கலந்துவிடுகிறது. தேர்வு நிகழ்வதைப் பார்வையாளரும் காண்கிறார்.

இன்று விரல்நுனி அளவேயான கம்பியில்லா மைக்கைச் சட்டையில் மாட்டினால் எந்தச் சந்தை இரைச்சலிலும் பேச்சைப் பிடித்துவிடலாம். ஆகவே தெருவில் இறங்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்லக்கூடியது: முதலில் மைக்கைத் தேர்ந்தெடுங்கள், அது கோரும் நெருக்கத்திற்கேற்ப லென்ஸை முடிவுசெய்யுங்கள். சட்டையில் மாட்டிய மைக் இருப்பதைப் பேசுபவர் சற்று நேரத்தில் மறந்துபோவார். கருவியை மாட்டியவர் மட்டும் அதை மறத்தலாகாது.