பெஹாலா மண்ணில் டயர் வண்டியா, செயின் வண்டியா?

வங்காளத்துப் பள்ள நிலத்தில் வீடு கட்டியவர்கள் முதலில் குளம் வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டில் வீட்டை எழுப்பினார்கள். கொல்கத்தாவின் தென்மேற்கில் பெஹாலா, பரிஷா, தாகூர்புகூர், ஜோகா என்று டைமண்ட் ஹார்பர் சாலையோடு நீளும் ஊர்களில் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் குளம் கிடப்பது இதனால்தான். பெஹாலா 1984-ல் கொல்கத்தா மாநகராட்சியோடு சேர்ந்தது. ஜோகா 2012-ல் சேர்ந்தது. 2022 டிசம்பர் கடைசியில் ஜோகாவிலிருந்து தாராதலா வரை மெட்ரோவும் வந்துவிட்டது. ஆனால் மண் மாறவில்லை. மழை விழுந்தால் தண்ணீர் நிற்கும். வடிகாலைத் திறந்து வைக்காதவன் தோட்டம் அழுகும்.

ஜோகாவைத் தாண்டி பைலான், ஆம்தலா பக்கம் ஒரு பிகா, இரண்டு பிகா என்று வாங்கி, தென்னையும் மாவும் பாக்கும் வைத்துக் குளத்தில் மீன் விடுகிறவர்கள் உண்டு. ஒரு பிகா என்பது 20 கட்டா, அதாவது 14,400 சதுர அடி. நம் கணக்கில் 33 சென்ட். இந்த அளவு நிலத்துக்குச் சொந்தமாக ஒரு தோண்டும் இயந்திரம் வேண்டுமென்றால் வழி இரண்டு. 24, 27 எச்.பி. சின்ன டிராக்டரின் பின்னால் பேக்ஹோ கை மாட்டுவது ஒன்று. இரண்டு டன்னுக்கு உட்பட்ட மினி செயின் வண்டி மற்றொன்று. பெரிய ஜேசிபியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஏழு டன்னுக்கு மேல் எடையும் இரண்டு மீட்டருக்கு மேல் அகலமும் உள்ள வண்டி பெஹாலாவின் உள்சந்துகளில் திரும்பவே முடியாது.

அந்த ஜேசிபியும் பிறப்பில் டிராக்டர்தான். 1953-ல் இங்கிலாந்தில் ஜோசப் பாம்ஃபோர்ட் ஒரு ஃபோர்ட்சன் மேஜர் பண்ணை டிராக்டருக்கு முன்னால் லோடரும் பின்னால் ஹைட்ராலிக் தோண்டுகையும் பொருத்தினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நம் ஊர்ச் சாலையெங்கும் ஓடும் மஞ்சள் வண்டி. செயின் வண்டியின் சின்ன வடிவம் 1970-ஐ ஒட்டி ஜப்பானில் யான்மார், டாகேயுச்சி போன்ற நிறுவனங்களின் கையில் வளர்ந்தது. நெருக்கமான வீட்டு மனைகளில் ஆள் வெட்டிய பள்ளத்தை இயந்திரம் வெட்டவேண்டும் என்பதே அங்கிருந்த தேவை. ஒன்று வயலிலிருந்து வந்தது, மற்றொன்று மனையிலிருந்து வந்தது. இரண்டின் குணத்திலும் அது இன்றுவரை தெரிகிறது.

டிராக்டரில் பேக்ஹோ மாட்டும்போது முதலில் பார்க்கவேண்டியது எச்.பி. அல்ல, கை எதில் தாங்கி நிற்கிறது என்பதுதான். கலப்பையும் ரோட்டவேட்டரும் மாட்டும் மூன்று முனை இணைப்பிலேயே மாட்டும் மலிவான பேக்ஹோக்கள் கிடைக்கின்றன. அந்த இணைப்பு இழுப்பதற்கும் தூக்குவதற்கும் செய்தது. பக்கெட் ஒரு வேரில் சிக்கி இழுக்கும்போது அந்த விசை முழுவதும் பின் அச்சுக் கூட்டிலும் கியர் பெட்டியின் வார்ப்பிரும்பிலும் போய் விழும். சின்ன டிராக்டருக்குத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைந்ததே அதன் முதுகெலும்பு. அங்கே விரிசல் விட்டால் வண்டி இரண்டாகப் பிரியும் அளவுக்குச் சேதம் போகலாம். முன் அச்சுப் பக்கத்திலிருந்து பின் அச்சு வரை கீழே ஓடும் இரும்புச் சட்டத்தில் பொருத்திய பேக்ஹோ என்றால் விசை பரவிவிடும். அமெரிக்காவில் சிறு நிலக்காரர்கள் வாங்கும் குபோட்டா பிஎக்ஸ்23எஸ் இப்படிச் சட்டத்தோடும் முன் லோடரோடும் சேர்த்து வடிவமைத்தது. சுமார் ஆறடி ஆழம் தோண்டும். நம் நாட்டில் விற்கும் குபோட்டா பி2441, மஹிந்திரா ஜீவோ 245 போன்றவை திராட்சை, பழத்தோட்டம், காய்கறி வரிசைகளை மனத்தில் வைத்து வந்தவை. எடையில் லேசானவை. அவற்றின் பின்னால் ஒரு பட்டறைக்காரர் செய்துகொடுத்த கையைத் தொங்கவிட்டால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். டிராக்டர் நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத இணைப்பை வாங்கவே வேண்டாம் என்பேன். உத்தரவாதம் போவது ஒருபுறம் இருக்க, உட்கார்ந்து ஓட்டுகிறவர் உயிரும் அதில் இருக்கிறது.

வேலை நடக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். முப்பது மீட்டர் வடிகால் ஒன்று எடுக்கவேண்டும் என்று வையுங்கள். டிராக்டர்க்காரர் இரண்டு ஜாக்கிக் கால்களை ஊன்றுகிறார், இருக்கையைப் பின்பக்கம் திருப்புகிறார், கைக்கு எட்டிய தூரம் வெட்டுகிறார். பிறகு காலைத் தூக்கி, முன்பக்கம் திரும்பி, வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி ஊன்றுகிறார். மண்ணைக் கொட்ட முதுகுப்புறத்து அரைவட்டம் மட்டுமே அவருக்கு உண்டு. செயின் வண்டிக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வெட்டிக்கொண்டு பின்னால் நகர்வார். மேல்பகுதி முழுச் சுற்று சுழலும் என்பதால் இடப்பக்கம், வலப்பக்கம், பின்னால் நிற்கும் டிரெய்லர் என்று எங்கு வேண்டுமானாலும் கொட்டுவார். குபோட்டா யு17 போன்ற 1.7 டன் வண்டி செயினைச் சுருக்கினால் ஒரு மீட்டர் இடைவெளியில் நுழைந்துவிடும். ஏழரை அடி ஆழம் தோண்டும். வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் வடிகால் எடுக்க இதைவிடத் தோதான வண்டி இல்லை.

ஆனால் பெஹாலாவில் முடிவைச் சொல்லவேண்டியது மண். இது கங்கைப் படுகையின் வண்டலும் களியும் கலந்த தரை. சில மீட்டர் ஆழத்தில் மட்கிய மரத்துண்டுகளோடு கறுத்த களி வரும். 1835-லிருந்து 1840 வரை கொல்கத்தாவின் வில்லியம் கோட்டையில் 481 அடி ஆழம் துளையிட்டவர்களும் இப்படிப்பட்ட மட்கிய அடுக்கைக் கண்டார்கள். ஈரக் களியில் ஒரு வண்டி தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பதே கேள்வி. டயர் வண்டியின் அழுத்தம் ஏறக்குறைய டயரில் அடித்த காற்றின் அழுத்தம். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ரப்பர் செயின் மினி வண்டிக்கு அது 0.3 கிலோவை ஒட்டியே இருக்கும். அதுவும் டிராக்டர் தோண்டும்போது பாரத்தில் பெரும்பங்கு டயரிலிருந்து ஜாக்கிக் காலுக்கு மாறிவிடும். அந்தக் காலின் பாதம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். குளக்கரையில் பலகை வைக்காமல் ஊன்றினால் அது உள்ளே போய்க்கொண்டே இருக்கும். செயின் வண்டியும் கரையில் கவனம் கேட்கும். செயினைக் கரைக்கு நேர்க்குத்தாக வைத்து நின்றால் கரை சரியத் தொடங்கும்போது நேரே பின்வாங்கலாம். கரையோடு இணையாக நிறுத்துகிறவருக்கு அந்த வழி இல்லை.

இங்கே பருவத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை. சடியால் கால்வாயும் மணிக்காலி கால்வாயும் தளும்பி நிற்கும்போது தெருவின் தண்ணீர் போக இடமில்லாமல் தோட்டத்துக்குள் வரும். கையில் ஒரு பேக்ஹோ இருந்தால் தேவலை என்று மனம் ஏங்குவது அந்த நாட்களில்தான். அந்த நாட்களில் டிராக்டரைத் தோட்டத்தில் இறக்கினால் அச்சு வரை புதைந்துவிடும். தரை இறுகி, குளம் வற்றி, டிராக்டர் திடமாக நிற்கும் சித்திரை வைகாசியிலோ செயின் வண்டி வாடகைக்குக் கிடைக்கும். ஆகவே சொந்த பேக்ஹோ உதவவேண்டிய காலத்தில் உதவாது. உதவும் காலத்தில் அவசியமில்லை. பெஹாலாவுக்கு டிராக்டர் பேக்ஹோ பொருந்தாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

திருப்பூர், பல்லடம் பக்கத்துச் செம்மண் காட்டுக்கு இதே தீர்ப்பைக் கொண்டுபோகக்கூடாது. அங்கே ஆண்டின் பெரும்பகுதி தரை காய்ந்து கிடக்கும். டயர் புதையாது, ஜாக்கிக் கால் ஊன்றினால் நிற்கும். தென்னைக்குக் குழி, சொட்டுநீர்க் குழாய்க்கு வாய்க்கால் என்று சின்னச் சின்ன வேலை அடிக்கடி வரும். சட்டத்தோடு பொருத்திய பேக்ஹோ அங்கே போட்ட முதலைத் திருப்பித் தரும்.

செயின் வண்டிக்கும் ஒரு பெரிய குறை உண்டு. அது தோண்டும், மற்றபடி பெரிதாக ஒன்றும் செய்யாது. உழாது, புல் வெட்டாது, டிரெய்லர் இழுக்காது, சாலையில் ஓட்டிப்போகவும் ஆகாது. லாரியில் ஏற்றித்தான் கொண்டுவரவேண்டும். அதன் விலைக்கு இரண்டு மூன்று சின்ன டிராக்டர் வாங்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். மண் தோண்டும் இயந்திரத்துக்கு 18. ஆண்டில் சில நாள் வேலைக்கு இதைச் சொந்தமாக்குவது பணத்தைத் துருப்பிடிக்க விடுவது. மூன்று பிகாவும் காய்கறியும் உள்ளவர் பேக்ஹோ இல்லாத டிராக்டரை வாங்கி, ரோட்டவேட்டரும் டிரெய்லரும் சேர்த்துக்கொள்ளட்டும். தோண்டும் வேலைக்குச் செயின் வண்டியை அழைக்கட்டும். வண்டி அள்ளும் குளத்துச் சேற்றை அதே டிராக்டர் தென்னை மரத்தின் தூருக்குக் கொண்டுபோகும். ஒரு பிகாவுக்குள் இருப்பவருக்கு இரண்டும் தேவையில்லை. பவர் டில்லரும் நாலு ஆட்களும் போதும்.

டிராக்டர் விவசாய வண்டியாகப் பதிவாகும் என்பதால், கடன் அடைக்கப் பக்கத்து மனையில் கூலிக்குத் தோண்டலாம் என்று கணக்குப் போட வேண்டாம். குளம் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி ஐந்து கட்டாவும் அதற்கு மேலும் உள்ள நீர்நிலையை மூடக்கூடாது. இயந்திரம் வாசலில் நிற்கும்போது குளத்தின் ஒரு மூலையைத் தூர்த்து நிலம் சேர்க்கும் ஆசை யாருக்கும் வரும். பெஹாலா மழையில் மூழ்குவதற்கு அப்படி மூடிய குளங்களும் ஒரு காரணம் என்பதை அந்தத் தெருக்காரர்களே அறிவார்கள்.

வாடகை பேசுமுன் மூன்றைக் கேட்டுவிடுங்கள். செயின் ரப்பரா, இரும்பா? இரும்பென்றால் வீட்டு நடைபாதை நொறுங்கும். பல் இல்லாத அகலப் பக்கெட் கொண்டுவருவாரா? பல் வைத்த குறுகிய பக்கெட்டில் ஈரக் களி ஒட்டிக்கொண்டு விழாது. பாதி நேரம் அதைத் தட்டுவதிலேயே போகும். மீட்டர் ஓடத் தொடங்குவது லாரியிலிருந்து இறங்கிய நேரத்திலிருந்தா, முதல் பக்கெட் மண்ணிலிருந்தா? வேலை வாசலை ஒட்டியது என்றால் நிலத்தடி மின்கம்பி எங்கே போகிறது என்று மின்சாரம் தரும் சிஇஎஸ்சி நிறுவனத்தின் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்துவிடுங்கள்.